எலுமிச்சைக்குச் செந்தட்டிக் காவல்

அடுத்த வீட்டு அமுதவல்லியின் மானத்துக்கு நான் போட்ட விலை, நாலு எலுமிச்சம்பழம்.

திருவரங்குளத்தில் எனக்குப் பலசரக்குக் கடை. கொல்லையில் ஒரே ஓர் எலுமிச்சை மரம். காலையில் எண்ணிவிட்டுப் போகிற பழம் மாலையில் குறைந்தது. எண்ணினேனே தவிர, வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலியில் ஆள் நுழைகிற சந்து. அந்தப் பக்கம் அமுதவல்லி வீடு. இது போதாதா எனக்கு?

ஆடு மேய்க்கிற மூக்கனிடம் செந்தட்டிக் கொடி கேட்டேன். பட்ட இடமெல்லாம் எரிந்து தடிக்குமே, அதேதான்.

"ஊரே வெட்டி எறியிறத வெலைக்குக் கேக்குறீங்க. கொடி பத்து ரூவாண்ணே."

"ஊரே எறியிறதுக்கு எதுக்குடா பத்து ரூவா?" ஆறுக்கு முடித்தேன்.

சந்து ஓரமாக நட்டு, சாணம் கரைத்து ஊற்றி, பெற்ற பிள்ளை போல வளர்த்தேன். என் மனைவி செவந்திக்கு மூட்டு வலி. "ஒன் முட்டிக்குத்தான். வைத்தியர் சொன்னாரு," என்று அவள் வாயை அடைத்தேன்.

சரக்கெடுக்க மூன்று நாள் மதுரை போய்வந்து கடையைத் திறந்தேன். அமுதவல்லி அரைக் கிலோ உளுந்து கேட்டாள். நீட்டிய கை முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது. கடையில் நாலு பேர் நின்றார்கள்.

"என்னம்மா, எலுமிச்சம்பழம் கடிச்சிருச்சா?"

"இல்லண்ணே, அது வந்து..."

"கேட்டா குடுக்க மாட்டேனா? வேலி நுழைஞ்சு எடுத்தா அதுக்குப் பேரு வேற."

யாரோ சிரித்தார்கள். அவள் உளுந்தை எடுக்காமலே போய்விட்டாள்.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே செவந்தி சொன்னாள்: "அமுதாவுக்கு வெளக்கெண்ணெ குடுத்துட்டு வாங்க. பாவம், நேத்து ஆடு முட்டி ஒங்க கொடியெல்லாம் சாஞ்சுபோச்சு. எனக்கு எங்க குனிய முடியுது? அக்கா முட்டிக்கு மருந்தாச்சேன்னு அவதான் தூக்கிக் கட்டுனா. செந்தட்டின்னு தெரிஞ்சேதான் கைய விட்டா."

"அப்ப எலுமிச்சம்பழம்?"

"நாந்தான் குடுக்குறேன். நீங்க வழிச்சுத் திங்கிற கீரை பின்ன அவ வீட்டுலருந்து இல்லாம எங்கிருந்து வருதாம்?" என்றவள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். கொடியை எதற்கு நட்டேன் என்று புரிந்துகொண்டாள்.

கொல்லைக்குப் போனேன். கொடிகள் வேலியில் நிமிர்ந்து நின்றன. பழைய சேலைக் கிழிசலால், தண்டு நசுங்காமல், தளர்வாக ஒன்பது முடிச்சு. வெறுங்கையால் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடிகளைப் பிடுங்கிப் போட்டேன்.

சாயங்காலம் உளுந்தோடு அவள் வாசலில் நின்றேன். "தப்பு என்னோடதும்மா."

என் கையைப் பார்த்தாள். காசைக் கொடுத்து உளுந்தை வாங்கிக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? கேட்டவுக நாலு பேரு. அவுகள்ட்ட சொல்லுங்க."

உடையப்பனிடம் சொன்னேன். ஞானமணி டீச்சர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். ராக்கனிடம் தடித்த கையைக் காட்டிச் சொன்னேன். நாலாவது ஆள், பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் தீப்பெட்டி வாங்க வந்த வெளியூர்க்காரர். சிரித்ததும் அவர்தான். எந்த ஊரில் இறங்கினாரோ, யாரிடம் சொன்னாரோ.

நாலில் மூன்று தீர்ந்தது. பாக்கி ஒன்று.