இலை காயும் முன்னே

மாசியில் மழை வரும் என்று கருப்பசாமிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சோழவந்தானுக்கு மேற்கே அந்தச் சின்ன ஊரின் கோயில் திடலில், ஆண்கள் மட்டும் கூடி அந்தச் சாமிக்குக் கிடா வெட்டிச் சாப்பிடும் விருந்து முந்தின நாள்தான் முடிந்திருந்தது. நேர்ந்த அரிசியைக் குறைத்துப் பொங்கக் கூடாது. மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. சாப்பிட்ட இலை கிடந்த இடத்திலேயே காய வேண்டும். காயும்வரை பெண்கள் திடலை மிதிக்கக் கூடாது. வெயில் அடித்தால் மூன்றே நாளில் எல்லாம் சருகாகிவிடும். இந்த வருஷம் வெயிலையே காணோம்.

திடலுக்குக் கீழே சரிவில்தான் ஊருணி. மூன்று வருஷமாகப் பெண்களைச் சேர்த்துத் தூர்வாரி, வேலி போட்டு, ஊரைக் கேன் தண்ணீரிலிருந்து மீட்டவள் தமிழ்வாணி. மழை இறங்கினால் அத்தனை சோறும் எலும்பும் எச்சில் இலையும் நேரே குடிதண்ணீருக்குள்தான் போகும்.

"என்னங்க, ஆம்பளைக நாலு பேரு சேந்து இலைய அள்ளிக் குழியில போட்டா என்ன?" என்று புருஷன் வீரணனிடம் கெஞ்சினாள்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? காயாத இலையில கைய வச்சா சாமி சும்மா விடுமா? எம்புட்டு மழ பேஞ்சிரப் போகுது, பேசாம இரு."

மேற்கே இடி உருண்டது. தமிழ்வாணி கூடையோடு திடலுக்குள் இறங்கிவிட்டாள். அவளுக்கும் சாமி பயம் உண்டு. "கருப்பா, தண்ணிக்காகத்தான் வாரேன், கோவிச்சுக்கிராத" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அள்ளினாள். ரோட்டில் நின்று ஆண்கள் கத்தினார்கள். நாலு ஊர் சாப்பிடக்கூடிய சோறு, மேட்டிலிருந்த உரக்குழிக்குள் கூடை கூடையாகப் போனது. பாவமாக இருந்தது. பொழுது சாய மழை கொட்டியபோது திடல் துடைத்தாற்போல் கிடந்தது.

மறுநாள் காலையில் ஊருணி நிறைந்து நின்றது. ஒரு பருக்கை மிதக்கவில்லை. தமிழ்வாணிக்குப் பெருமை தாங்கவில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு படியில் உட்கார்ந்து மற்றவர்களுக்காகக் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. அவளோடு தூர்வாரிய ஒச்சாயி மட்டும் காலிக் குடத்துடன் வேலிக்கு வெளியே நின்றாள்.

"அங்கன ஏன் நிக்கிற? உள்ள வா."

"இல்லக்கா... நீ மிதிச்ச எடத்துத் தண்ணிதான இதுல இறங்கியிருக்கு. சாமி குத்தமாம், குடிக்கக் கூடாதுன்னு ஊரே சொல்லுது. நானும் பிள்ளகுட்டிக்காரி."

தமிழ்வாணி குடத்தோடு வீட்டுக்கு நடந்தாள். வாசலில் வீரணன் வண்டியிலிருந்து தண்ணீர்க் கேனை இறக்கிக்கொண்டிருந்தான்.

"நம்ம வீட்டுக்குமா?"

ஊர் சொன்னதைவிட இதுதான் அவளைச் சுட்டது. வீரணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊரோட ஒத்துப் போகணும்ல" என்று சொல்லிக்கொண்டே கேன் மூடியைப் பிய்த்தான்.