சாவுத் தள்ளுபடி

ஒரு மனுஷன் செத்துப்போனால் அவன் வாங்கிய கடன் என்ன ஆகும் என்று நீங்கள் என்றைக்காவது யோசித்ததுண்டா? இம்தியாஸ் யோசித்ததில்லை. உயிரோடு இருக்கிறவனின் கடனைச் சமாளிக்கவே அவனுக்கு நேரம் போதவில்லை. மசாலாக் கடை முஜிபுர் ரஹ்மானின் சாவுக்குப் போய் ஜனாஸாவில் நின்றபோதுதான் அந்த யோசனை முதல்தடவையாக வந்தது.

தொழுகைக்கு முன்னால் முஜிபுர் ரஹ்மானின் மகன் எழுந்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான். "எங்க அத்தா யார்கிட்டயாவது கடன் வாங்கியிருந்தா எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க பொறுப்பு. அவரால யாருக்காவது மனக்கஷ்டம் இருந்தா அல்லாஹ்வுக்காக மாப்பு செஞ்சுடுங்க."

எல்லா ஜனாஸாவிலும் சொல்வதுதான். அந்த இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வரவேண்டியது இருந்தால் நாலு நாள் கழித்து மகனைத் தனியாகப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். ஆனால் அன்றைக்கு முதல் வரிசையில் நின்ற வெங்காய மண்டி நஸ்ருல்லா பாய் திரும்பி, செருப்புப் போட்ட இடம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எனக்கு ரெண்டு லட்சம் வரணும்பா. மாப்பு செஞ்சுட்டேன்."

கூட்டம் சிலிர்த்துப்போனது. "மனுஷன்னா இவருய்யா" என்று இம்தியாஸுக்குப் பக்கத்தில் நின்றவர் கண்ணைத் துடைத்தார்.

இதே நஸ்ருல்லா பாய்தான் முந்தாநாள் காந்தி மார்க்கெட்டில், மூட்டை தூக்குகிறவர்கள் பார்க்க இம்தியாஸின் சட்டையைப் பிடித்தவர். "பிரியாணி திங்கிறீல்ல? குடும்பத்தோட துணி எடுக்குறீல்ல? என் காசுன்னா மட்டும் கசக்குதா?" என்று கேட்டவர். இம்தியாஸ் வீட்டில் பிரியாணி ஆக்கி எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. அதை அங்கே சொல்ல முடியுமா?

இம்தியாஸிடம் ஒரு லோடு ஆட்டோ இருந்தது. நஸ்ருல்லா பாய் மண்டியில் கடனுக்கு வெங்காயமும் பூண்டும் எடுத்து, ஸ்ரீரங்கம் பக்கம் தெருத் தெருவாகப் போய் விற்பான். "ஊர்ல எவ்வளவோ இடம் இருக்க, பெருமாள் கோயில் வாசல்ல போயி வெங்காயம் விக்கிறான் பாரு" என்று மண்டியில் கிண்டல் பண்ணுவார்கள். ஆனால் வியாபாரம் நடந்தது. வெளித் தெருக்களில் மைக் வைத்து விற்பான். உள்தெருக்களில் மைக்கை நிறுத்திவிட்டு மெதுவாகப் போவான், பின்வாசலில் கூப்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். போன வருஷம் விலை ஏறப்போகிறது என்று எல்லாரும் சொன்னார்கள் என்று சரக்கை வாங்கி வீடு முழுக்க அடுக்கினான். விலை இறங்கியது. மழையும் பிடித்துக்கொண்டது. கட்டிலுக்கு அடியிலெல்லாம் வெங்காயம் முளைவிட்டு அழுகியது.

மண்டிக்குக் கொடுக்க, தினமும் வசூலிக்கிற தண்டலில் வாங்கினான். தண்டலுக்குக் கட்ட மனைவி வஹீதாவின் பேரில் மகளிர் குழுவில் வாங்கினான். குழுவுக்குக் கட்ட ஃபோனில் ஒரு ஆப்பில் வாங்கினான். நடுவில் ஆட்டோவை ஃபைனான்ஸ்காரன் தூக்கிக்கொண்டு போனான். ஆப்காரன் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிட்டு, அசிங்கமாகப் படம் தயார் பண்ணி சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவேன் என்றதிலிருந்து இம்தியாஸ் ஃபோனை அணைத்தே வைத்திருந்தான்.

இது எல்லாவற்றையும்விட அவனை அறுத்தது ஒரு விஷயம். தினமும் காலையில் தண்டல் சுரேஷ்குமாரின் பைக் சத்தம் கேட்டதும் இம்தியாஸ் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அஃபீஃபா கதவைத் திறந்து, "அத்தா வீட்ல இல்ல அங்கிள்" என்பாள். முதலில் தடுமாறிச் சொன்னாள். இப்போது பல் துலக்கிக்கொண்டே சொல்கிறாள்.

மையவாடியில் குழிக்கு மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது இம்தியாஸ் மனசுக்குள் கணக்குப் போட்டான். செத்துப்போனால் நஸ்ருல்லா பாய் மாப்பு செய்துவிடுவார். தண்டல்காரன் பொம்பளையிடம் எவ்வளவு நாள் வந்து கேட்பான்? ஆப்காரன் யாருக்குப் படம் அனுப்புவான்? எப்படிப் போட்டாலும் செத்தவனாக இருப்பதுதான் லாபம் என்று வந்தது. அந்தக் கணக்கு அவ்வளவு சரியாக வந்ததுதான் அவனைப் பயமுறுத்தியது. நேரே வீட்டுக்குப் போகாமல் பள்ளிவாசலுக்குத் திரும்பினான்.

பள்ளியில் பாங்கு சொல்லுகிற மோதினார் மீரான் பாய் மட்டும் இருந்தார், பாயைச் சுருட்டிக்கொண்டு.

"பாய், ஒரு உதவி. என் பேரைச் சொல்லி மைக்குல ஒண்ணு சொல்லணும்."

"என்னாப்பா, பிள்ளையைக் காணோமா?"

"அதெல்லாம் இல்ல. இம்தியாஸ்கிட்ட யாருக்காவது வரவேண்டியது இருந்தா, ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறம் பள்ளிக்கு வந்து சொல்லுங்கன்னு சொல்லணும்."

மீரான் பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அது மைய்யித்துக்குச் சொல்றதுப்பா."

"உசுரோட இருக்கறவனுக்குச் சொல்லக்கூடாதுன்னு சட்டமா பாய்? தனித்தனியா வர்றாங்க, தனித்தனியா பொய் சொல்றேன். எல்லாரும் ஒரே இடத்துல உக்காரட்டும். என்ன இருக்கு, என்ன இல்லன்னு ஒரே தடவையா சொல்லிடறேன். எனக்கு இதுக்கு மேல முடியல."

மீரான் பாய் சுருட்டிய பாயை ஓரமாக வைத்தார். "சரி, சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் சொல்லிடறேன். முகத்தைக் கழுவிட்டுப் போ" என்றார்.

வருகிறவர்கள் முன்னால் கையில் கொஞ்சமாவது வைத்துக்கொண்டு உட்காரலாம் என்று இம்தியாஸ் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனான். அம்மா மண்டபம் ரோட்டில் மெஸ் நடத்துகிற ஒரு அம்மா அவனுக்கு மூணு மூட்டைப் பணம் பாக்கி.

"போன தரம் போட்டதுல பாதி அழுகல். அதுக்கும் காசு கேக்கறேளா?" என்றாள் அந்த அம்மா. சாயங்காலக் கூட்டம் முடிகிற வரை கல்லாப் பக்கத்திலேயே நிற்கவைத்து, ஐந்நூறு ரூபாயை நீட்டினாள். "இதோட சரி. இனிமே வரப்படாது."

வாங்கிக்கொண்டான். காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. ஐந்நூறு ரூபாயோடு போய் யாரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தான்.

அவன் தெருமுனைக்கு வரும்போது இருட்டி, மஃரிப் தொழுகை முடிந்திருந்தது. சந்துக்குள் கூட்டம். அவன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆண்கள் தலையில் தொப்பியோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து பெண்கள் அழுகிற சத்தம் வந்தது.

அஃபீஃபாவுக்கு என்ன ஆச்சு? முனையில் நின்ற தண்ணி லாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். லாரிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசினார்கள்.

"பஸ் அடிச்சிருச்சாம்ல?"

"இல்லங்கறேன். நெஞ்சு வலியாம். பாடி பெரியாஸ்பத்திரியில இருக்காம்."

"பாவம், நல்ல பையன். வெங்காயம் நிறுத்தா கூட ரெண்டு போடுவான்."

யாரைச் சொல்கிறார்கள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மீரான் பாய் சொன்னபடி சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மைக்கில் ஒருவன் பேரையும் அவன் கடனையும் சேர்த்துச் சொன்னால் அது மவுத்துச் செய்திதான். ஊரில் பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். வஹீதாவுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். அவனைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பாள். ஃபோன் அணைந்து கிடந்தது.

ஓடிப்போய் நான் இருக்கிறேன் என்று கத்தத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் நஸ்ருல்லா பாயின் குரல் கேட்டது. வாசலில் நின்று உள்ளே இருக்கிற வஹீதாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அழாதம்மா. உன் வீட்டுக்காரன் எனக்கு ஒண்ணரை லட்சம் தரணும். அத நான் மாப்பு செஞ்சுட்டேன். இத்தனை பேரையும் சாட்சி வச்சுச் சொல்றேன். அந்தப் பாரம் அவனுக்கு வேண்டாம்."

"அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் கொடுப்பான் பாய்" என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

அடுத்து இன்னொரு குரல், கணீரென்று. பாலக்கரையில் இட்லிக் கடை போட்டிருக்கும் பேட்ரிசியா. வஹீதா இருக்கிற குழுவுக்குத் தலைவி அவள்தான். தவணை தள்ளிப்போன மாசமெல்லாம் இதே வாசலில் உட்கார்ந்து ஊரைக் கூட்டியவள்.

"வஹீதா, இந்த மாசத் தவணையப் பத்தி நீ நினைக்கவே கூடாது. நாங்க மத்த பொம்பளைங்க போட்டுக் கட்டிக்கிறோம். புரியுதா?"

தண்டல் சுரேஷ்குமார் ஒரு ஓரமாக பைக் மேல் உட்கார்ந்திருந்தான். "தண்டல் கார்டை அக்கா பேர்ல மாத்திடட்டுமா?" என்று யாரிடமோ மெதுவாகக் கேட்டான். "பொணம் கூட வரலடா, போடா" என்று அவர் விரட்டினார்.

இம்தியாஸ் லாரிக்குப் பின்னாலேயே நின்றான். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அவன் நின்றது அதிர்ச்சியில் இல்லை. ஒண்ணரை லட்சம் போய்விட்டது. ஒரு மாசத் தவணை போய்விட்டது. இப்படியே திரும்பி நடந்து, எந்த ஊருக்காவது பஸ் ஏறிவிட்டால்? கொஞ்ச நேரம் அவன் செத்தவனாகவே இருந்து பார்த்தான். நெஞ்சில் பாரமே இல்லை. அவ்வளவு லேசாக இருந்து எத்தனை நாளாயிற்று!

உள்ளேயிருந்து யாரோ, "உங்க அத்தா மவுத்தாயிட்டாரும்மா, துஆ செய்" என்றார்கள். அதற்கு அஃபீஃபா சொன்னது சந்து முழுக்கக் கேட்டது.

"இல்ல. அத்தா பாத்ரூம்ல இருப்பாங்க. யாராச்சும் வந்தா அங்கதான் இருப்பாங்க. தட்டிப் பாருங்க."

இம்தியாஸ் லாரியை விட்டு வெளியே வந்தான்.

முதலில் பார்த்தவர் நாற்காலியோடு சாய்ந்தார். ஒருத்தி அலறினாள். வஹீதா முந்தானை எங்கே போகிறது என்று பார்க்காமல் ஓடிவந்து, அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் அவன் மார்பில் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். "ஏன்... ஏன் இப்படிப் பண்ணுனீங்க? ஏன்?" என்றாள். அவன் தடுக்கவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லாரும் சொன்னார்கள். கொஞ்ச நேரம் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு முகமாக மாறியது. மீரான் பாயைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

"நான் மவுத்துன்னா சொன்னேன்? பேரைச் சொன்னேன், கடனைச் சொன்னேன். மிச்சத்தை நீங்களா சேத்துக்கிட்டீங்க" என்றார் அவர்.

நஸ்ருல்லா பாய் தொப்பியைக் கழற்றி மடித்தார். "அப்ப நீ சாகலையா?" என்றார். ஏமாந்துபோன ஆளின் குரல்.

"இல்ல பாய்."

"அப்ப கணக்கு அப்படியே இருக்கு."

"பாய், இப்பதானே இத்தனை பேர் முன்னாடி..."

"அது மைய்யித்துக்குச் செஞ்ச மாப்பு. ஆள் நடந்து வந்தா செல்லாது. நாடகமாடா போடுற?"

கொஞ்சம் முன்னால் அவரை வாழ்த்தியவர்களே, "அதுவும் நியாயம்தான்" என்று தலையாட்டினார்கள். பேட்ரிசியா மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல்படி இறங்கினாள்.

"ஏன் பாய், ஆடித் தள்ளுபடி மாதிரி இது சாவுத் தள்ளுபடியா? ஆள் இருந்தா ஆஃபர் கிடையாதா?"

"நீ பேசாதம்மா. நீயும்தான் கட்டறேன்னு சொன்ன. இப்ப கட்டு பாப்போம்."

"கட்டுவேன். சொன்ன வாய் என்னோடதுதானே?"

பின்னால் நின்ற குழுப் பெண்களில் ஒருத்தி, "யக்கா, அது அவரு செத்துட்டாருன்னு சொன்னது" என்று இழுத்தாள்.

பேட்ரிசியா திரும்பினாள். "செத்திருந்தா தருவ, உசுரோட வந்தா தரமாட்டியா? அப்ப என்னா, அந்த ஆளு போயி செத்துட்டு வரணுமா? மூடிக்கிட்டு நில்லு." பிறகு இம்தியாஸைப் பார்த்தாள். "நீங்க ஒண்ணும் இளிக்க வேண்டாம். ஓசி இல்ல. நாளையிலேருந்து வஹீதா விடிகாலையில கடைக்கு வந்து மாவாட்டணும். வட்டி வேண்டாம், காசு திரும்பி வரணும். அந்த ஆப்காரன் நம்பரையெல்லாம் எடுத்துட்டு வாங்க, சைபர் க்ரைம்ல எழுதிக் குடுக்கணும். என் நாத்தனார் வீட்டுக்கும் இப்படித்தான் படம் வந்துச்சு. நான்தான் கூடப் போனேன். செத்தாப் போயிட்டோம்?"

இஷாவுக்குப் பிறகு இம்தியாஸ் பள்ளி முற்றத்தில் ஐந்நூறு ரூபாயோடு உட்கார்ந்திருந்தான். மீரான் பாய் எல்லாருக்கும் என்று பாய் விரித்து வைத்திருந்தார். கடன் கொடுத்தவர்கள் ஒருத்தரும் வரவில்லை. செத்தவனுக்கு வந்த கூட்டத்தில் பாதி கூட வரவில்லை என்று எழுதலாம் என்றால், ஒரு ஆள் கூட வரவில்லை. பேட்ரிசியா மட்டும் கேட்டுக்கு வெளியே செருப்போடு நின்று, "வஹீதா சாப்பிடாம உக்காந்திருக்கா. எந்திரிச்சு வாங்க" என்று கூப்பிட்டாள்.

மறுநாள் காலையில் வஹீதா மாவாட்டப் போயிருந்தாள். ஏழு மணிக்கு சுரேஷ்குமாரின் பைக் வந்து நின்றது. அஃபீஃபா வாயில் பிரஷ்ஷோடு எழுந்தாள். இம்தியாஸ் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தானே போய்க் கதவைத் திறந்தான். காசு இல்லை என்றான். சுரேஷ்குமார் கார்டில் அதை எழுதிக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.