பாதி திறந்த வால்வு

என் வீட்டுக்காரர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லீரல் என்றதும் வாயைக் கோணுகிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வற்றிவிட்டது. என்றோ வந்த மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி அரித்திருக்கிறது. ஊரார் வீட்டுக் கசிவையெல்லாம் மோப்பம் பிடிக்கிற பிளம்பருக்கு, தன் வயிற்றில் நீர் நிரம்பிக் குனிய முடியாமல் போன பிறகுதான் உறைத்தது.

என் கொழுந்தன் தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தருவதாகச் சொன்னான். தங்கமான பையன். சோதனையெல்லாம் முடிந்து ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதுவரை இவருடைய சிறுநீரகம் கெடக் கூடாது. அது நின்றுவிட்டால் ஆபரேஷன் இல்லை என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

வயிற்று நீரை இறக்கக் குழாய் போட்ட அன்று இவர் சும்மா இருக்கவில்லை.

“இவ்வளவு தண்ணி எங்கேருந்து வருது டாக்டர்?”

அந்தம்மா பொறுமைசாலி. “நல்ல கல்லீரல்ல ரத்தக் குழாய் சல்லடை மாதிரி இருக்கும். அதுல கொஞ்சம் நீர் கசியும். பக்கத்துல இருக்கற நிணநீர்க் குழாய் அதை வாங்கி, மறுபடி ரத்தத்துலயே சேர்த்துடும். உங்களுக்குக் கல்லீரல் தழும்பேறிக் கெட்டியாயிடுச்சு. ரத்தம் சுலபமாக் கடந்து போக முடியல. அழுத்தம் ஏறி நிறையக் கசியுது. நிணநீர்க் குழாய் பல மடங்கு ஓடியும் தாங்கல. மிச்சம் வயித்துல சொட்டுது.”

“அப்போ ஓவர்ஃப்ளோ!”

“அதேதான். ஆனா மொத்தமா இறக்கிட்டா, ரத்தத்துல இருக்கற நீர் மறுபடி வயித்துக்குப் போயிடும். சிறுநீரகத்துக்கு ரத்தம் பத்தாது. அதனால கொஞ்சம் இறக்கணும், ரத்தத்துல நீரைப் பிடிச்சு வைக்கற அல்புமின் பாட்டில் ஏத்தணும், அப்புறம்தான் மீதி.”

குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைப் பாதிக்குத் திருகி வைத்தார்கள். பாட்டில் வாங்க நான் கீழே மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே ஒரே கும்பல். சிஸ்டரும் வேறொரு நோயாளியின் கட்டிலருகே மாட்டிக்கொண்டிருந்தாராம்.

திரும்பி வந்தால் மனுஷன் சிரித்துக்கொண்டிருக்கிறார். வயிறு தட்டையாகக் கிடந்தது. கட்டிலடியில் அந்த நீரைப் பிடிக்க வைத்த கேன் விளிம்புவரை நிரம்பியிருந்தது.

“வா வா, இங்க பாரு! என் காலு எனக்கே தெரியுது!”

நான் பாட்டிலைப் பையிலிருந்து இன்னும் எடுக்கக்கூட இல்லை.

“என்னங்க பண்ணுனீங்க?”

“வால்வுன்னா ஒண்ணு முழுசாத் திறக்கணும், இல்ல முழுசா மூடணும். பாதில வச்சா உள்ள அரிச்சுடும். இது தெரியாமப் படிச்சிருக்காங்க.”

“அடப்பாவி மனுஷா!” என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் வாடிப்போனது. இருபது வருஷமாக அந்தக் கை எந்தக் குழாயையும் பாதியில் விட்டதில்லை, அன்றைக்கும் விடவில்லை. சிஸ்டர் ஓடி வந்து சக்கரத்தை மூடி, பாட்டிலை ஏற்றினார். டாக்டரம்மா வந்து ரத்த அழுத்தம் பார்த்தார், இன்னும் பாட்டில்கள் ஏற்றச் சொன்னார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாளில் வயிறு பழையபடி நிரம்பிவிட்டது. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பை மட்டும் காய்ந்து கிடந்தது. ஆபரேஷன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கொழுந்தன் வார்டு வாசலிலேயே நின்றான். “அண்ணி, நான் தர்றேன்னுதானே சொல்றேன். அப்புறம் என்ன?” என்று குழந்தையைப் போல அழுதான். எடுத்துக்கொள்ள இவர் உடம்பில் தெம்பில்லை என்றேன்.

உள்ளே இவர் அரை மயக்கத்தில் சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரலையே,” என்றார். “அடைப்பு எங்கேன்னு பாரு. மேலேருந்து தடவிக்கிட்டே வா. மடங்கியிருக்கும்.”

தடவிக்கொண்டே வந்தேன். எங்கேயும் மடங்கவில்லை. பை வரைக்கும் குழாய் நேராகத்தான் இருந்தது.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுதுங்க,” என்றேன். “சரி பண்ணிட்டேன். நீங்க தூங்குங்க.”