பதினோரு சுற்று

…விக் என்று ஒருத்தன் சொல்வது புதிதில்லை, முப்பது வருஷமாகச் சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதற்கெல்லாம் முகம் சுளித்திருந்தால் மேடை ஏறியிருக்க முடியுமா, ஆனால் விக் இல்லை என்று பக்கத்து சீட்டுக்காரன் சத்தியம் பண்ணுகிறானே, "எம் பொண்ணு மேல சத்தியமா ஒரிஜினல் முடி மச்சான், இந்தக் கையால தொட்டுப் பாத்திருக்கேன்" என்கிறானே, அதுதான் மணிமாறனைப் பஸ் சீட்டில் நெளியவைத்தது. அந்தச் சத்தியம் இன்று காலை ஒன்பது மணி வரை செல்லும். ஒன்பது மணிக்குக் கெடார் ஏரிக்கரையில், அம்மாவின் பதினாறாம் நாள் கருமாதியில், தலையில் தண்ணீர் தெளித்து மழித்துப்போட்டாயிற்று, மீசையும் போய்விட்டது. தோளில் புரண்ட முடி, 'ராக் மாறன்' என்றால் ஜனங்களுக்கு முகத்துக்கு முன்னால் ஞாபகம் வருகிற முடி, இந்நேரம் ஏரிக்காற்றில் எந்த வேலமரத்து முள்ளில் மாட்டிக்கொண்டிருக்கிறதோ. மடியில் ரெக்ஸின் பை. பைக்குள் கறுப்பு ஜாக்கெட், நெற்றியில் கட்டுகிற சிவப்பு ரிப்பன், அடியில் பாலிதீன் கவரில் மேனேஜர் செல்வகுமார் நேற்றே பாண்டிச்சேரியெல்லாம் அலைந்து வாங்கிவந்து கொடுத்த விக். ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் கச்சேரி. அதை மாட்டிக்கொண்டு ஏறினால் இந்த மனுஷன் சத்தியம் பொய்யாகிவிடும், முகம் தெரியாத ஒரு பெண் குழந்தை தலையில் அடித்த சத்தியம்… சே, இதெல்லாம் நம்புகிறவனா நான், நம்பாமலா காலையில் போய்க் குந்தினேன்.

விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மருமகன் காரில் கொண்டுவிடுகிறேன் என்றார், வேண்டாம் என்றவர் இவர்தான். வேட்டி, துண்டு, மொட்டை, கண்ணாடி இல்லாத கண். ஒருத்தர் திரும்பவில்லை, ஒருத்தர் செல்போனைத் தூக்கவில்லை, கண்டக்டர் "உள்ள போ பெரியவரே" என்றான், ஐம்பத்தெட்டு வயசில் முதல் தடவையாகப் பெரியவர், அதுகூட நன்றாகத்தான் இருந்தது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் கிடைத்ததும் அதிர்ஷ்டம் என்று நினைத்தாரே, அந்த அதிர்ஷ்டம்தான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. நடுவில் தென்னரசு, எலெக்ட்ரீஷியன், நாற்பத்தைந்து வயசிருக்கும், ராக் மாறன் ரசிகர் குரூப்பில் அட்மின் என்று ஏறினதுமே பஸ்ஸுக்கே சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் அவன் மச்சினன் வேங்கடேசன், எதைச் சொன்னாலும் இல்லை என்பதற்கென்றே கூட வந்தவன். இவர்களைத் தாண்டாமல் எழுந்துபோக முடியாது. எழுந்தாலும் நிற்க இடமில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்று கால் மணி நேரமாகிறது, மழித்த தலையில் நாலு மணி வெயில் நேராக இறங்குகிறது, கத்தி பட்ட இடம் காந்துகிறது, துண்டைப் போட்டால் அதில் ஒட்டிக்கொள்கிறது.

தென்னரசு போனில் போன வருஷ வீடியோவை ஓட விட்டான். 'கரும்பு லாரி' பாட்டு, கச்சேரியின் கடைசிப் பாட்டு, ஒரு காலை ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்து, குனிந்து, முடியை வட்டமாகச் சுழற்றுவார், ஏழு சுற்று, கூட்டம் எண்ணும். அதற்காகவே மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசையில் போகிற மாதிரி லோடு வண்டி பிடித்து வருகிறவர்கள் உண்டு. "நீயே எண்ணு, அஞ்சுதான்" என்றான் வேங்கடேசன். "ஏழு சுத்துல ரெண்ட முழுங்கிட்டாரு உங்காளு. முடி பிச்சிக்கினு போயிடும்னு பயம்." "மூணு வருசமா முட்டி வலி மச்சான் அவருக்கு. வலியோட அஞ்சு சுத்தறாரு பாரு." "பாட்டாவது பாடறாரா? வாய் மட்டும் அசையுது, பின்னாடி ரெக்கார்டு ஓடுது." "அது எக்கோ." எக்கோ இல்லையப்பா, ரெக்கார்டுதான்… இரண்டாவது சரணத்தில் மூச்சு நிற்பதில்லை, செல்வகுமார்தான் ஒரு டிராக்கைச் சேர்த்துவிட்டான். முட்டி இல்லை, கழுத்து எலும்பு, ஐந்துக்கு மேல் சுற்றினால் கண் இருட்டுகிறது. எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, தன்னைப் பற்றிய கேஸில் தானே வாய் திறக்க முடியாமல்… வேங்கடேசன் சொல்வது அத்தனையும் உண்மை, தென்னரசு சொல்வது அத்தனையும் பொய், ஆனால் மனசு தென்னரசு ஜெயிக்க வேண்டும் என்று அடித்துக்கொள்கிறதே, இது என்ன மனசு.

செல்வகுமார் போன் பண்ணினான். மெதுவாகப் பேசினார், குரல் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று. "அண்ணே, எங்க இருக்கீங்க? ஜல்தி வந்துடுங்க. விக்க போட்டுப் பாக்கணும். ரிப்பன இறுக்கிக் கட்டிட்டா நாலு சுத்து தாங்கும்ணே. இல்ல மொட்டயோடவே ஏறிடறீங்களா? உங்க இஷ்டம்தான், ஆனா ஜனம் பேஜாராயிடும்." உங்க இஷ்டம்தான் என்று ஆரம்பித்து இஷ்டத்துக்கு எங்கே இடம் விட்டான். போனை வைத்தபோது தென்னரசு இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்டுபிடித்துவிட்டான் என்றே நினைத்தார். "பெரியவரே, நீங்களே சொல்லுங்க, நாயத்த." ராத்திரி ஒரு மணி வரை ஹெட்போனில் இந்தக் குரலைக் கேட்டுத்தான் தூங்குவேன் என்று சற்றுமுன் சொன்னவன், ஒன்றரை அடி தூரத்தில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, பெரியவரே என்கிறான். நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும், ஏன் இப்படிச் சுருக்கென்கிறது.

"வயசாயிடுச்சில்லப்பா அவருக்கு," என்றார் மணிமாறன். "முடியெல்லாம் எடுத்துட்டு, ஒரு சேரு போட்டு உக்காந்து பாடினா இன்னா? பாட்டுதானே முக்கியம்." எங்கிருந்து வந்தது இந்த வார்த்தை, பத்து வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு ஆளிடம்கூடச் சொல்லாத வார்த்தை. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். விழுப்புரத்திலிருந்து ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். "அப்ப அவரு ராக் மாறனே இல்லியே பெரியவரே," என்றான் தென்னரசு, கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. வேங்கடேசன் இன்னும் ஒரு படி மேலே போனான், "அந்த முடியையும் ஜாக்கெட்டையும் எனக்கு மாட்டி உடு, நான் ஆடறேன், கூட்டம் எண்ணுமா எண்ணாதா பாரு." தென்னரசு மறுக்கவில்லை. அதைத்தான் கவனித்தார், அவன் மறுக்கவில்லை. விக்கோடு வேங்கடேசன் ஏறினாலும் ஏற்றுக்கொள்வார்கள், விக் இல்லாமல் தான் ஏறினால்தான் கஷ்டம் போலிருக்கிறது. அப்படியானால் இத்தனை வருஷம் மேடையில் இருந்தது யார்.

பஸ் நகர்ந்து மறுபடி நின்றது. வேங்கடேசன் சும்மா இருக்கிற ஆளா. "அவங்கம்மா செத்துட்டாங்கன்னு உன் குரூப்புலதானே போட்டீங்க? மொட்ட போட்டிருப்பாரே. இன்னிக்குத் தெரிஞ்சிடும் ஒரிஜினலா டூப்பான்னு." தென்னரசு ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "போட மாட்டாரு. அவங்கப்பா செத்தப்பவே போடல. மூத்த புள்ள, அவருதான் கொள்ளி வெக்கணும், சுடுகாட்டுல கத்தியோட நின்னாங்களாம், தம்பிகிட்ட நீ தலையக் காட்டுன்னுட்டு நேரா திண்டிவனம் வந்து பாடினாரு. இருவது வருசம் ஆயிடுச்சி. நான் மொத வரிச. அன்னிக்கு ஏழு இல்ல மச்சான், பதினொண்ணு சுத்தினாரு. அப்பனவே உட்டுட்டு எங்களுக்காக வந்தாருய்யா. எவன் வருவான்? எனக்கு இன்னா கஷ்டம் வந்தாலும் அந்த நாளத்தான் நெனச்சிக்குவேன்." மணிமாறன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்டாட்டியிடம்கூட இருபது வருஷமாகப் பேசாத ஒன்று, தம்பி சீனுவாசன் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் அடித்த ஒன்று, பஸ்ஸில் ஒரு எலெக்ட்ரீஷியன் வாயில் இவ்வளவு அழகாக இருக்கிறது. "நானும் இருந்தேன் அன்னிக்கு" என்று சொல்லிவிட்டார், நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள். "பாத்தியா மச்சான், சாட்சி" என்று தென்னரசு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

எங்களுக்காக வந்தார். இதையேதான் தானும் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஜனங்கள் விடவில்லை, கச்சேரி வைக்கிற கமிட்டி விடவில்லை, முடி விடவில்லை. சுடுகாட்டில் சீனுவிடம் சொன்னதும் அதுதான், "விட மாட்றாங்கடா சீனு", அந்த நிமிஷமே சீனு சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். மூத்தவனுக்கு அப்பா, இளையவனுக்கு அம்மா என்று ஊரில் இருக்கிற முறை, சீனு இரண்டு பேருக்கும் கொள்ளி வைத்துவிட்டான். அதற்கு ஈடு கட்டத்தானே இன்று காலை, முறை இல்லாத இடத்தில், சீனுவுக்குப் பிறகு தானும் போய்த் தலையைக் குனிந்தது. சீனு தலையில் ஈரத் துண்டோடு நின்று பார்த்துவிட்டு, "உன்ன யாருண்ணே கேட்டா?" என்றான், அவ்வளவுதான், சோற்றுப் பந்தியைப் பார்க்கப் போய்விட்டான். உன்னை யார் கேட்டார்… பதினோரு சுற்று சுற்றச் சொல்லி அன்று யார் கேட்டார். ஏழுதானே எண்ணுவார்கள். யாரும் கேட்கவில்லை. விட மாட்டேன் என்றுகூட யாரும் சொல்லவில்லை. இதை இத்தனை வருஷம் எங்கே போட்டு வைத்திருந்தோம் என்று மணிமாறனுக்கே ஆச்சரியமாக இருந்தது, கமிட்டித் தலைவர் அந்தோணிசாமி அன்று மத்தியானமே போன் பண்ணினாரே, பாடை கட்டிக்கொண்டிருந்த நேரம், நல்ல மனுஷன், "தம்பி, நீங்க அப்பாவப் பாருங்க, வராதீங்க, நாங்க வேற ஆளப் போட்டுக்கறோம்." வேற ஆள். அந்த இரண்டு வார்த்தைதான். அப்பா வாசலில் கிடக்க, அந்த இரண்டு வார்த்தையைத்தான் தாங்க முடியாமல் போயிற்று. சரிங்க என்று வைத்திருந்தால் முடிந்திருக்கும். "வர்றேன்" என்றார். வந்து பாடினார். பதினோராவது சுற்றில் தலை நிமிர்ந்தபோது, கூட்டம் கத்தினபோது, சந்தோஷமாக இருந்தது. கேவலமாக இருக்கிறது இப்போது நினைக்க, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது, வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. இந்தத் தடவையும் செல்வகுமார் கேட்டானே, தேதியைத் தள்ளி வைக்கலாமாண்ணே என்று. "ஜனம் காத்துக்கினு இருக்கும்டா" என்றது யார்.

மயிலம் ரோடு தாண்டினதும் பஸ் வேகம் எடுத்தது. வேகமாகப் போவது பயமாக இருந்தது, டோல்கேட்டிலேயே நின்றிருக்கலாம் போல. இறங்கி எதிர் பஸ் ஏறி விழுப்புரம் போய்விடலாம், யாரும் அடிக்க மாட்டார்கள், அந்தோணிசாமி பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போதிருக்கிற கமிட்டிக்கும் இரக்கம் உண்டு. போகலாம் என்று தெரிகிறது, போகவும் மாட்டோம் என்று தெரிகிறது. கட்டிப்போட்ட கயிறு எங்கே எங்கே என்று இத்தனை காலம் அடுத்தவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தோமே. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தோடு இறங்கினார், கால் மரத்துப்போயிருந்தது, தென்னரசுதான் பையை வாங்கிக்கொண்டு கை கொடுத்தான். பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு பத்திரமாகப் பிடித்திருந்தான்.

"பெரியவரே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்களும் இருந்தேன்னீங்களே. கடசிச் சுத்து முடிச்சி தலையத் தூக்கினாரே, அப்ப அழுதாரு இல்ல? மச்சான் நம்பவே மாட்றான்." வேங்கடேசன் பக்கத்தில் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். ஆமாம் என்றால் முடிந்துபோகும். மணிமாறன் வாயைத் திறந்தார். "அழல," என்றார். "வேர்வை." தென்னரசு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது, பையை அவர் கையில் வைத்தான். "நீங்க தூரமா நின்னிருப்பீங்க பெரியவரே. நான் கிட்ட இருந்து பாத்தவன்," என்று சொல்லிவிட்டு, மச்சினனை இழுத்துக்கொண்டு நடந்தான். இருபது வருஷத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லியிருக்கிறோம், நிம்மதி வரும் என்று நின்றார், வரவில்லை. அவன் முதல் வரிசை என்கிறானே… தனக்குத் தெரியாமல் கண்ணில் வந்ததை அவன் பார்த்திருக்கலாமே, வேர்வையோடு வேர்வையாக ஒரு சொட்டு, அப்பாவுக்காக ஒரே ஒரு சொட்டு வந்திருக்கக் கூடாதா. எவ்வளவு ஆசையாக இருந்தது அதை நம்ப. ஆமாம்ப்பா, அழுதாரு, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் என்று கூப்பிட்டுச் சொல்ல இரண்டு எட்டு வைத்தார், அதற்குள் தென்னரசு செங்கல்பட்டு பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டத்தில் மறைந்துவிட்டிருந்தான். இனி மேடையில் இருந்துதான் அவனுக்குச் சொல்ல வேண்டும், எந்தத் தலையோடு ஏறினால் அவன் நம்புவான் என்றுதான் தெரியவில்லை.