எடைக்கல் ஏறாத பாலம்

பெலிசியா டீச்சர் விடிகாலையிலேயே பிள்ளையை மாதிரிப் பாலம் கட்டுகிற போட்டிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பிச்சாவரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து சிதம்பரம் வந்து, அங்கே பஸ் மாறி, கடலூர் வரைக்கும் ஐஸ் குச்சிப் பாலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள் ஏழாம் வகுப்பு இசைவாணி. "பாலத்துக்கும் ஒரு டிக்கெட் போடவா பாப்பா?" என்று கண்டக்டர் கிண்டல் பண்ணினார். அவள் சிரிக்கவே இல்லை. காலடியில் ஒரு கட்டைப்பை. உள்ளே அவள் அம்மாவின் மீன் தராசு எடைக்கற்கள்.

அந்தக் கற்களுக்கு மூணு மாசமாக வேலை இல்லை. குப்பத்து வாய்க்கால் மேல் புதுசாகக் கட்டின பாலம் முதல் மழைக்கே உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அதில் போன இசைவாணியின் அம்மா தில்லையம்மாள் மீன் கூடையோடு விழுந்து, கால் முறிந்து வீட்டில் கிடக்கிறாள். திறந்து ஒரு மாசம்கூட ஆகாத பாலம்! கட்டின ஆளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? மூச்!

"பாலம் தாங்குமா தாங்காதான்னு முன்னாடியே தெரியாதா டீச்சர்?" என்று இசைவாணிதான் ஒருநாள் வகுப்பில் கேட்டாள்.

"எடை ஏத்திப் பாத்தா தெரியும்டி."

அப்படித்தான் ஆரம்பித்தது. வகுப்பே சேர்ந்து குச்சியிலும் பசையிலும் பதினோரு பாலம் கட்டி, கல் வைத்து வைத்து ஒடைத்தது. எங்கே ஒடிகிறதோ அங்கே முக்கோணமாகக் குச்சி கொடுத்தார்கள். பன்னிரண்டாவது பாலம் ஒன்பது கிலோ தாங்கியது. "போட்டியில எல்லார் முன்னாலயும் ஏத்திக் காட்டுறோம்" என்று டீச்சர் வாக்குக் கொடுத்தாள். நோட்டீசிலும் அப்படித்தானே போட்டிருந்தான்!

மண்டபத்துக்குள் நுழைந்ததும் போட்டி நடத்துகிற அறிவழகன் ஓடி வந்தார். "எடை ஏத்துற ரவுண்டு கேன்சல் டீச்சர். சீஃப் கெஸ்ட் இருக்கறப்ப மேடையில பாலம் ஒடைஞ்சா அபசகுனமா பூடும்."

"வாசல்ல தேங்காய அடிச்சி ஒடைச்சீங்களே, அது மட்டும் நல்ல சகுனமா?"

"அது வேற, இது வேற. மொதல்ல அந்தப் பைய வெளிய வைங்க, மீன் நாத்தம் கொடலப் புடுங்குது."

இசைவாணி பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெலிசியாவுக்கு அந்த ஆளின் கன்னத்தில் ஒன்று விடலாமா என்றிருந்தது. பிள்ளை முகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சீஃப் கெஸ்ட் வந்தார். சால்வையும் மாலையுமாக இறங்கியது யார் என்கிறீர்கள்? காண்ட்ராக்டர் தட்சிணாமூர்த்தி. குப்பத்துப் பாலத்தைக் கட்டின அதே மகராசன்!

முதல் பரிசு, சீரியல் பல்பு மினுக்கிய தெர்மாகோல் பாலத்துக்கு. இசைவாணிக்கு ஆறுதல் பரிசாம், ஒரு பிளாஸ்டிக் டப்பா. யாருக்கு வேணும் இவன்கள் ஆறுதல்? பெலிசியா பையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

"போடி, ஏத்து. எவன் தடுக்கறான்னு நான் பாக்கறேன்."

இசைவாணி மேடையில் ரெண்டு நாற்காலிக்கு நடுவே பாலத்தை வைத்தாள். அஞ்சு கிலோ கல், ரெண்டு கிலோ, இன்னொரு ரெண்டு. பாலம் அசையவில்லை. கீழே பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அவள் அஞ்சு கிலோ கல்லை எடுத்துக்கொண்டு முதல் பரிசுப் பாலத்திடம் போனாள்.

காண்ட்ராக்டர் பதறி எழுந்தார். "ஏய், ஏய்! அதுல வெக்காத பாப்பா, நிக்காது!" மைக் அவர் கையில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பாத்ததுமே எப்பிடி சார் தெரியுது?"

"முப்பது வருசமா பாலம் கட்டறேன். எது நிக்கும், எது நிக்காதுன்னு பாத்தாலே தெரியாதா எனக்கு?" பெருமையாகச் சிரித்தார்.

இசைவாணி கல்லைக் கீழே வைக்கவில்லை. "அப்ப எங்க குப்பத்துப் பாலம் நிக்காதுன்னும் தெரியுமா சார்? எங்கம்மா அதுல நடந்தாங்களே."

காண்ட்ராக்டர் அவசரமாக மைக்கின் சுவிட்சைத் தேடினார். அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க அறிவழகன் ஓடி வந்தார். பெலிசியா குறுக்கே போய் நின்றாள்.

"இருங்க சார். பிள்ள கேட்டதுக்கு அவரு பதில் சொல்லட்டும்."