வாய் பன்னிரண்டு, கை ஏழு

பாடம் நடத்திக் காட்டும் தேர்வில் இந்த முறையும் தேறாவிட்டால் ஹேய்லலாவுக்கு ஆசிரியை வேலை கிடையாது. அண்ணன்மாரோடு ஆஸ்திரேலியாவுக்குத் தக்காளி பறிக்கப் போக வேண்டியதுதான். முடிவு சொல்ல வேண்டியவள் நான். அதற்காகவே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து டோங்காவின் வவாவு தீவுக்கு வந்திருந்தேன். என் வாய்க்கு மாணவிகள் நடுங்குவார்கள், நடுங்கட்டும்.

அவள் கரும்பலகையில் 3 + 4 + 5 = __ + 5 என்று எழுதி, கோட்டின் மேல் என்ன வரும் என்று கேட்டாள். மூன்றாம் வகுப்பு மொத்தமும் "பன்னிரண்டு!" என்று கூரை அதிரக் கத்தியது. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று விளக்கினாள், திக்கினாள், மறுபடி விளக்கினாள். கடைசியில் லெசியேலி என்ற சுட்டிப் பெண்ணைப் பலகைக்கு அழைத்தாள். அவளும் பன்னிரண்டு என்றாள்.

பிள்ளைகள் சாப்பிடப் போனதும் ஹேய்லலாவைப் பிடித்துக்கொண்டேன்.

"இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினியே, ஒரு மண்டையிலயாவது ஏறுச்சாடி?"

"இல்ல மிஸ்." அழுதுவிடுவாள் போலிருந்தது.

"வா, எங்க கோட்டை விட்டேன்னு நீயே பாரு."

பாடத்தை மடிக்கணினியில் பதிவு செய்திருந்தேன். அதைப் போட்டால், ஜன்னலுக்கு வெளியே பன்றிகள் போட்ட சண்டைதான் பெரிதாகக் கேட்டது. எரிச்சலில் ஒலியை நிறுத்தினேன்.

சத்தம் போனதும் கண் தானாக லெசியேலியின் கைகளுக்குப் போனது. டோங்காக்காரர்கள் நாங்கள் நடனம் பார்த்தால் கையைத்தானே பார்ப்போம், பாட்டின் கதையைச் சொல்வது அதுதானே. அவள் வாய் பன்னிரண்டு என்று அசைந்தது. அதே நேரம் இரண்டு விரல்கள் சேர்ந்து 3, 4-இன் அடியில் நின்று, நழுவி, வெறும் கோட்டில் போய் உட்கார்ந்தன. பிறகு ஒரு உள்ளங்கை இந்தப் பக்கத்து ஐந்தை மூடியது, மற்றது அந்தப் பக்கத்து ஐந்தை.

புரிந்துகொள்ளும் தறுவாயில் இருக்கும் குழந்தைக்கு வாய்க்கு முன்னால் கை போய்விடும் என்று ஆய்வுகளில் படித்திருக்கிறேன், பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். ஒரு குழந்தை அறிந்துகொள்வதையே பார்த்துவிட்டேன்!

லெசியேலியைக் கூப்பிட்டோம். வாயெல்லாம் மரவள்ளிக்கிழங்கு.

"பேசாத. கையால மட்டும் சொல்லு."

அதே விரல்கள், அதே உள்ளங்கைகள். கை பாதியில் நின்றது. தன் கைகளையே உற்றுப் பார்த்தாள்.

"ஏழு!"

"காலையில பன்னிரண்டுன்னியே?"

"நானா? போங்க மிஸ், எவளாவது சொல்லியிருப்பா." ஓடிவிட்டாள்.

இந்தக் கையசைவு அவளுக்கு எங்கிருந்து வந்தது? பதிவைப் பின்னால் ஓட்டினேன். பலகை முன்னால் ஹேய்லலா வாய் திக்கி நிற்கிறாள். அவள் உள்ளங்கைகள் மட்டும் திக்காமல் இரண்டு ஐந்தையும் மூடுகின்றன. இரண்டு விரல்கள் சேர்ந்து கோட்டுக்குப் போகின்றன.

"நான் இப்படியெல்லாம் செய்யலையே மிஸ்!"

"செஞ்சிருக்கியேடி."

திரையில் இருந்த கைகளையும் தன் மடியில் இருந்த கைகளையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ... நான்தான் சொல்லிக்குடுத்தேனா?"