ஒத்தக் கை போதும்

"எக்கா, எறங்குங்க," என்றான் ராட்டினக்காரன் செல்லப்பாண்டி.

மகள் அழகுமீனாவோடு அப்போதுதான் ராட்டினப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள் ராமுத்தாய். குறுக்குக் கம்பியைப் போட வந்தவனின் கண் அவள் முந்தானையில் நின்றுவிட்டது. உள்ளே மணிக்கட்டோடு முடிந்துபோன வலது கை.

"ரெண்டு கையாலயும் கம்பியப் புடிக்கணும்க்கா. ரூல்ஸு. போர்டுல எளுதிருக்கு."

"எடது கை நல்லாத்தான இருக்கு. புடிச்சுக்கிறேன்."

"முடியாதுக்கா. புள்ளையும் எறங்கணும். சின்னதுகளத் தனியா ஏத்த மாட்டோம்."

அம்மாவோடு ராட்டினம் ஏறப்போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவள் அழகுமீனா. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ராமுத்தாய் அந்தப் போர்டைத் திரும்பிப் பார்த்தாள். ரூல்ஸாம். அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் நாலு பேருக்கான அறைக்குள் ஒன்பது பேரை அடைத்து, சோதனைக்கு ஆள் வந்தால் மிச்சப் பேரைக் கருவேலங்காட்டுக்குள் விரட்டினார்களே, அங்கேயும்தான் போர்டு தொங்கியது. அங்கே வெடித்துக் கை போய், புண் ஆறி, மறுபடி வேலை கேட்டுப் போனபோது போர்மேன் என்ன சொன்னான்? "திரி எடுத்துக் குடுக்க ஒத்தக் கை போதும்மா. சீசனுக்கு ஆள் இல்ல, வா." வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்காரப் போதுமான கை, மகளுக்குப் பக்கத்தில் உட்காரப் போதாதாம்.

அண்ணாந்து பார்த்தாள். உச்சிப் பெட்டியில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கி செல்போனில் ஊரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவரு எந்தக் கையால தம்பி கம்பியப் புடிச்சிருக்காரு?"

"வேணுங்கும்போது புடிச்சுக்கிடுவாரு. கை இருக்குல்லக்கா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வரிசையில் நின்ற ஒரு பெண், "புள்ளைய எங்கூட விடும்மா, நான் பாத்துக்கிடுறேன்," என்றாள். நல்ல மனசுதான். அதுதான் ராமுத்தாயை இன்னும் சுட்டது. முந்தானையை உதறி மொட்டைக் கையை வெளியே எடுத்தாள். அதைக் கம்பியின் மேல் வைத்து அழுத்தி, இடது கையால் கொக்கியைத் தானே மாட்டினாள்.

"நான் எறங்க மாட்டேன். சுத்தினாச் சுத்து, சுத்தாட்டிப் போ."

செல்லப்பாண்டி மோட்டாரை அணைத்துவிட்டு முதலாளியைத் தேடிப் போனான். வரிசை முணுமுணுத்தது. யாரோ அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். அழகுமீனா சேலையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

புழுதியோடு காற்று எழுந்தது. உச்சிப் பெட்டி ஆட ஆரம்பித்தது.

"ஏலே, எறக்குங்கலே," என்று மேலிருந்து குரல் வந்தது.

செல்போனைக் காணோம். மஞ்சள் சட்டைக்காரர் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்தார். அதுவும் போதாமல் முழங்கைகளையும் உள்ளே மாட்டியிருந்தார்.